கையடக்கப் பேய்

குளியலறைக் கதவை மனைவி மறுபடியும் தட்டினாள்.

"ஏங்க, என்ன ஆச்சு? எதுக்கு இப்படி அலறுறீங்க?"

உள்ளே உட்கார்ந்திருந்த கணக்காளருக்கு வேர்த்துக் கொட்டியது. கையிலிருந்த சின்னத் திரையில், பீரோவுக்குள்ளிருந்து ஒரு நீளமான கை அப்போதுதான் வெளியே வந்திருந்தது.

"ஒண்ணுமில்ல. வயிறு கொஞ்சம் சரியில்ல."

அந்த வாயை அவர் அன்றே தைத்துக்கொண்டிருக்கலாம்.

இனிமேல் கேமைத் தொட்டால் தன்னை மனுஷனாகவே மதிக்க வேண்டாம் என்று மனைவியிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர். கூடத்தில் டிவியோடு கிடந்த பெரிய கேம் பெட்டியை மனைவி அப்போதே யாரோ உறவுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கும் அவர் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

"பேய் கேமை டிவியில ஆடுறதே பாவம்," என்று அலுவலகத்தில் மாட்டியவர்களையெல்லாம் பிடித்துவைத்துச் சொல்வார். "குடும்பமே உக்காந்து பாத்தா அது பேயா, விருந்தாளியா? கையடக்கப் பெட்டிதான் சரி. மூக்குக்கு நேரா வந்து நிக்கும்!"

'ஈரத் தலையணை' கேம் வரிசையில் முதல் மூன்று பாகங்கள்தான் உசத்தி என்பதும் அவர் கட்சி. அவற்றில் பேய் நிதானமாக நடந்து வரும். நாலாவதில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடுகிற பேய்க்கு என்ன மரியாதை? இருந்தாலும் ஆறாம் பாகம் வந்த அன்றே, அதை ஆட ஒரு கையடக்கப் பெட்டியும் வாங்கிக் குளியலறைப் பரணில் ஒளித்துவைத்தார். மனைவிக்குத் தெரிந்தால் பெட்டியும் போகும், மிச்சமிருக்கிற மானமும் போகும்.

வயிற்றுப் பொய்யால் முதலில் போனது உப்பு. பிறகு காரம். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாலே அவருக்கு அழுகை வந்தது.

அலறல்தானே வம்பு என்று மறுநாள் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு ஆடினார். அது முனகலாக வெளியே கேட்டது. மகளுக்கு ஒத்தாசையாக வந்திருந்த மாமியார் கதவில் காதை வைத்தார்.

"அடியே, மாப்பிள்ளை அழுற மாதிரி கேக்குதுடி!"

"வலிய அடக்கிக்கிறாரும்மா, பாவம். ஏங்க, தாழ்ப்பாள் போடாதீங்க. மயங்கி கியங்கி விழுந்துட்டா?"

தாழ்ப்பாள் போடாமல் எப்படி ஆடுவது? "இப்ப தேவலாம்," என்று சொல்லிப் பார்த்தார்.

"தேவலாம்னா எதுக்கு மறுபடியும் உள்ள போறீங்க?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சரி, வலி இருக்கு," என்று ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான். மச்சினன் காரோடு வாசலில் வந்து நின்றான்.

டாக்டர் வயிற்றை அமுக்கினார். "இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல டாக்டர்."

"எங்கயுமே தெரியலையா?" டாக்டரின் முகம் மாறியது. "அது நல்லதில்லையே. அட்மிட் ஆகுங்க. குழாய் விட்டுப் பாத்துடலாம்."

"வாய் வழியாவா?"

"அப்படின்னா சுலபமா போச்சே," என்றார் டாக்டர்.

கட்டிலில் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டு, மனைவி கண்கலங்க நின்றாள். "வீட்ட நான் பாத்துக்கறேன். நீங்க அவசரப்படாம, நல்லா குணமான பிறகு வாங்க."

அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. அவள் போய் வெகுநேரம் கழித்து, நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதில் சுருண்டு கிடந்த குழாயின் நீளத்தைப் பார்த்ததும் அவருடைய வைராக்கியமெல்லாம் கரைந்துபோனது. பெட்டி போனால் போகட்டும் என்று வீட்டுக்கு போன் போட்டார். மாமியார் எடுத்தார்.

"அத்தை, அவகிட்ட போனைக் குடுங்க. ஒரு உண்மைய சொல்லணும். எனக்கு வயித்துவலியே கிடையாது. நான் ஒரு பாவி..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மாப்பிள்ளை," மாமியாருக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் ரெண்டு நாள் அங்கயே இருக்க முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க, நானும் அவளும் மாறி மாறி அடிக்கிறோம், கடைசிப் பேய் சாகவே மாட்டேங்குது!"