தாய்மாமன் வராததற்கு அம்மோனியா காரணம்

அம்பத்தூர்,
18.6.1995

அன்புள்ள மாப்பிள்ளை கலியமூர்த்தி அவர்களுக்கு,

அப்பாவு எழுதிக்கொள்வது. நானும் புஷ்பாவும் சுகம். தாங்களும் என் தங்கை பார்வதமும், காதுப் புண் ஆறிக்கொண்டிருக்கும் மருமகளும் சுகமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மடியில் உட்காரவைத்துக் காதுகுத்தவேண்டிய தாய்மாமன் வராமல், எங்கள் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினீர்கள் என்றும், பார்வதம் பந்தியில் உட்காரவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசுகிறோம். அதற்கு நவச்சாரம் போடுவதால் கழிவுநீரில் அம்மோனியா அதிகம். அப்படியே வெளியே விட்டால் ஏரியில் மீன் செத்துப்போகும். ஆகவே இரண்டு தொட்டிகள் கட்டி, ஸ்டோர்ஸில் சும்மா இருப்பதாகச் சொல்லி என்னை அதற்குப் பொறுப்பாக்கினார்கள். முதல் தொட்டியில் காற்று ஊதவேண்டும். அங்கே ஒருவகைக் கிருமி அம்மோனியாவைத் தின்று நைட்ரேட் ஆக்குகிறது. இரண்டாவது தொட்டியில் காற்றே கூடாது. அங்கே வேறு கிருமி, வெல்லம் கரைத்து ஊற்றினால் அதைத் தின்றுகொண்டு, நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனையே சுவாசித்து, மிச்ச நைட்ரஜனை வெறும் காற்றாக மேலே விட்டுவிடுகிறது. எட்டு மாதமாக வெல்லம் கரைத்து ஊற்றுகிறேன். புஷ்பாவுக்கு ஒருநாள் பாயசம் வைக்க வெல்லம் வாங்கித் தந்ததில்லை என்று அவளுக்குக் குறை.

காதுகுத்து வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, காற்று ஊதும் மெஷின் நின்றுவிட்டது. புதன்கிழமை, சுத்தமாகி வெளியே போகும் பச்சைக் குழாயில் நான் பிடித்துக் கொடுத்த தண்ணீரை எங்கள் கெமிஸ்ட் சாமுண்டீஸ்வரி சோதித்தார். ஐம்பதுக்குள் இருக்கவேண்டிய அம்மோனியா முந்நூற்றுப் பத்து. சந்தேகப்பட்டு இன்னொரு பாட்டில் கேட்டார். நானே போய்ப் பிடித்துவந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"செத்துடுச்சு சார், எல்லாம்," என்றார். மறுபடி வளர மாசக்கணக்கில் ஆகுமாம். மேனேஜர் கோவிந்தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுக்கிற நாள். தேறாவிட்டால் கேட்டுக்குப் பூட்டு. நூற்றுநாற்பது பேர் வெளியே. நான் சீர்காழி டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் லீவைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் பேசவில்லை.

திருமழிசையில் ஒரு கம்பெனியில் இதேபோலத் தொட்டி உண்டு. தயிருக்கு உறைமோர் கேட்பதுபோல அவர்களிடம் கொஞ்சம் கிருமிச் சேறு கேட்டு வாங்க வியாழக்கிழமை நானும் மெஷின் ஓட்டும் வேம்புலியும் போனோம். கம்பெனி வேன் அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டது. இரண்டு ட்ரம் கறுப்புச் சேற்றுடன் பூந்தமல்லியில் பஸ் ஏறினோம்.

"இன்னா சார் இது, இந்த நாத்தம் நாறுது? கீய எறக்கு!" என்றார் கண்டக்டர்.

"அண்ணாத்தே, உள்ள உசுரு கீது. வெயில்ல வச்சா பூடும்," என்றான் வேம்புலி.

"மீனா?"

"மீனு இல்ல. அத்த வுட சின்னது."

"கண்ணுக்குத் தெரிலியே?"

"தெரியாது. ஆனா கீது."

கண்டக்டர் ட்ரம்மை ஒருமுறையும் வேம்புலியை ஒருமுறையும் பார்த்துவிட்டு விசில் ஊதினார். காற்றுப் படவேண்டுமென்று வழியெல்லாம் குச்சியால் கலக்கிக்கொண்டே வந்தோம். பாரிவாக்கம் தாண்டி ஒரு குலுக்கல். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் பட்டுவேட்டியில் கால் லிட்டர் உயிர்கள் போய்ச் சேர்ந்தன. அவர் சொன்ன வார்த்தைகளைப் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு எழுதமுடியாது. அதற்குப்பின் பஸ்ஸில் எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினோம். அன்றைக்கு நான் தொட்டியை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அங்கே குழந்தைக்குக் காது குத்திய நேரத்தில், இங்கே அதிகாரி பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார். மணியைப் பார்த்தேன், மாப்பிள்ளை. பார்க்காமல் இல்லை.

அடுத்த புதன்கிழமை முடிவு வந்தது: பதினெட்டு. மாசக்கணக்கில் வளரவேண்டியது ஒரே நாளில் எப்படி வளர்ந்தது என்று சாமுண்டீஸ்வரிக்கு மட்டும் புரியவில்லை. மற்ற எல்லாரும் கைதட்டினார்கள். கோவிந்தன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நூற்றுநாற்பது குடும்பத்தைக் காப்பாற்றியவன் என்று பேசினார். இதைப் பார்வதத்திடம் படித்துக் காட்டுங்கள். மனசு இளகும்.

குழந்தைக்கு எங்கள் ஆசிகள். பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
அப்பாவு

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது வேம்புலி வந்து, "சார், அன்னிக்கு நீ தண்ணி புட்ச்சது உள்ள வர்ற பைப்புல சார். பெயிண்டரு ரெண்டுத்துக்கும் பச்ச அட்ச்சு வுட்டுகிறான்," என்றான். போய்ப் பார்த்தேன். உண்மை. நான் இரண்டு தடவையும் பிடித்தது தொட்டிக்குள் போகாத அழுக்குத் தண்ணீர்; கிருமிகள் சாகவே இல்லை. சாமுண்டீஸ்வரியிடம் சொன்னேன், வெகுநேரம் சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தேன், கோவிந்தன் வாங்கவில்லை. ஆகவே, காதுகுத்துக்கு வராததற்கு என்னிடம் இப்போது காரணம் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். பார்வதம் திட்டட்டும்.