ஐம்பத்தைந்து மொச்சை

திங்கட்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்கு ஓர் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கேட்டது எங்கள் தெரு டீச்சர்.

"ஐயா, எங்க ரெண்டாங்கிளாஸ்ல மகான்னு ஒரு பிள்ள. கண்ணு தெரியாது. டேப்லெட்டு 'மூணு எங்கே'ன்னு கேட்டா மத்த பிள்ளைக படத்தத் தொடுதுக. இவ கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. தொட்டு எண்ண ஒரு அட்ட வேணும். தப்பு வரக்கூடாது, அதான் உங்ககிட்ட வந்தேன்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் எண்ணிக்கையில் எங்கள் தேவாரம் ஊரில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. பெருமை தலைக்கேறிவிட்டது!

பத்துக் கட்டம். ஒன்று முதல் பத்து வரை மொச்சை. மொத்தம் ஐம்பத்தைந்து.

காய்ந்த மொச்சை பசையில் நிற்காமல் உருண்டது. ஊறப்போட்டேன்.

"கொழம்பு வைக்கவா, பள்ளிக்கூடத்துக்கா?" என்றாள் என் மனைவி.

எண்ணும்போது நான் பேசுவதில்லை.

சனிக்கிழமை ஒட்டினேன். மூன்று தடவை எண்ணினேன். சாரலில் நனையக்கூடாதென்று அட்டையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, கதகதப்பாக அடுப்படிப் பரணில் வைத்தேன்.

திங்கட்கிழமை, துவைத்தால் காயாதென்று சனிக்கிழமை போட்ட அதே சட்டையோடு வகுப்புக்குப் போய்ப் பையைப் பிரித்தேன்.

மொச்சை எல்லாம் முளைவிட்டிருந்தது!

"என்னங்கய்யா, தோட்டம் போட்டிருக்கீக?" என்றார் டீச்சர்.

திரும்பக் கட்டப் பார்த்தேன். அதற்குள் மகாவின் கை அட்டைக்கு வந்துவிட்டது.

"டீச்சர், எல்லாத்துக்கும் வாலு இருக்கு!"

வகுப்பே சிரித்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

டேப்லெட் கேட்டது: "ஏழு எங்கே?"

மகா பதில் சொல்லப்போகும் முதல் கேள்வி. விரல்கள் கட்டம் கட்டமாகப் போய் வந்தன.

"ஏழு இல்ல."

"மீண்டும் முயற்சி செய்க" என்றது டேப்லெட்.

"ஆறு ரெண்டு இருக்கு. ஏழு இல்ல!"

"ஏலே, அவளுக்கு எண்ணத் தெரியலடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மகாவின் கை மறுபடி மடிக்குப் போனது. பதறிப்போய் நானும் வாயைத் திறந்தேன். "ஆத்தா, நல்லா எண்ணு. நான் மூணு தடவ எண்ணுனேன்."

"நீங்க கண்ணால எண்ணியிருப்பீக, தாத்தா."

டீச்சர் குனிந்து ஏழாம் கட்டத்தை எண்ணினார். "அஞ்சு... ஆறு. ஐயா, ஆறுதான்! மகா சொன்னதுதான் சரி."

வகுப்பு கைதட்டியது. மகா மறுபடி அட்டையில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

டேப்லெட் மட்டும் விடவில்லை. "மீண்டும் முயற்சி செய்க." என்னைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றினேன்.

"இதென்ன, முழங்கையில மொச்ச?" என்றாள் மனைவி.

மூன்றாம் தடவை எண்ணி முடித்த நிம்மதியில் பசை காயாத அட்டையில் முழங்கையை ஊன்றியிருக்கிறேன். ஐம்பத்தைந்தில் அது ஒன்றுதான் முளைக்கவில்லை.

இப்போது சட்டைப் பொத்தானில் புது அட்டை செய்திருக்கிறேன். நான்கு தடவை எண்ணியாயிற்று. நாளைக்கு மகா எண்ணிச் சொன்னால்தான் அது ஐம்பத்தைந்து.