மச்சானந்தரின் காலைப் பூசையும் ஓர் எருமையும்

2024ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கெங்குவார்பட்டியை அடுத்த எங்கள் கண்மாயில் மூச்சுத் திணறிய மீன்களை ஊரே கைகூப்பித் தொழுதது. என் முறையீடு இதுதான்: உயிருக்குப் போராடுவதைப் பக்தி என்று சொல்லி ஒருவர் விற்றார், படித்தவர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

விற்றவர் பெயர் மச்சானந்தர். விடியற்காலையில் இடுப்பளவு நீரில் நின்று, "வாருங்கள், செல்வங்களே!" என்பார். கெண்டையும் கட்லாவும் கூட்டம் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "மந்திரம் ஓதுகின்றன" என்பார். கரையில் குலவை எழும். வத்தலக்குண்டிலிருந்து வேன்கள் வந்தன. தவிடும் வெல்லமும் கட்டிய படையல் பொட்டலம் விற்றுத் தீர்ந்தது. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட வாசகத்தில் சந்திப்பிழைகள் மலிந்திருந்தன. அவற்றை மன்னிக்கலாம், மற்றதை மன்னிக்க இயலாது. வெயில் ஏறியதும் மீன்கள் கீழே போய்விடும். "பூசை நிறைவுற்றது" என்று சாமியாரும் கரையேறுவார். தெய்வ மீன்களுக்கும் அலுவலக நேரம் உண்டு போலும்!

அக்கண்மாயில் மீன் வளர்க்கும் குத்தகை பிலோமினாவுடையது. அன்று செத்து ஒதுங்கிய கெண்டைகளை அள்ளிவந்து சாமியார் காலடியில் போட்டார்.

"என்னய்யா இது?"

"முக்தி அடைந்துள்ளன, தாயே."

"முக்தியா? மூச்சு முட்டிச் செத்துருக்கு! நீங்க கொட்டச் சொல்ற தவிடெல்லாம் உள்ள அழுகுது. அழுகுறது தண்ணியில கலந்த காத்தைத் தின்னுருது. ராவுல பாசியும் காத்து விடாது. அதான் விடியக்காலம் மேல வந்து வாயைப் பிளக்குதுக. இப்படியே போனா என் மீனு பூராம் மிதந்துரும்."

"சாமியை அப்படிப் பேசாதீக, ஆத்தா!" என்று அதட்டினார் வங்கியில் பணியாற்றும் அஜய்குமார்.

"பேசலைய்யா. இன்னைக்கு ராவு முழுக்க மோட்டாரைப் போட்டுக் கண்மாய்த் தண்ணியை மேல பீய்ச்சி விடுறேன். காத்து கலந்துரும். சாமிக்காக வர்ற மீனுன்னா அப்பவும் வரட்டும்."

கூட்டம் சாமியாரைப் பார்த்தது. வேறு வழியின்றி அவர் தலையசைத்தார்.

மறுநாள் காலை அழைத்தார், பாடினார், கெஞ்சினார். ஒரு கெண்டையும் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு விரால் எழுந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மூழ்கியது.

"வந்துருச்சு!" என்று அஜய்குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விராலுக்குச் செவுள் மட்டுமன்றிக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் தலைக்குள் உண்டு. எந்த நீரிலும் அது மேலே வந்து போகும். அதற்குச் சாமியாரும் ஒன்றுதான், தவளையும் ஒன்றுதான்.

"மோட்டார் ஒலி என் செல்வங்களை அச்சுறுத்துகிறது" என்றார் மச்சானந்தர்.

"அப்ப நாளைக்கு மோட்டாரு இல்ல" என்றார் பிலோமினா. "ஆனா நீங்களும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. உங்க இடத்துல என் எருமை நிக்கும்."

பக்தர்கள் அன்று படையலை இரட்டிப்பாகக் கொட்டினார்கள்.

செவ்வாய் விடிந்தது. எருமை அசைபோட்டபடி நீரில் நின்றது. கெண்டைகள் திரண்டு மேலே வந்து, காற்றோடு ஒட்டிய மேல்நீரை வாயால் இழுத்துச் செவுளுக்குள் தள்ளின. நேற்று முன்தினம் சாமியாரைத் தொழுத அதே வாய்கள்!

"ஏலே, எருமைக்கும்ல மந்திரம் சொல்லுதுக!" என்றது ஒரு குரல். கரை முழுதும் சிரிப்பு.

பிலோமினா சிரிக்கவில்லை, ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். மீன்கள் பீய்ச்சும் நீரை நோக்கி விரைந்தன. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாய் உள்ளே இறங்கின.

கரையில் நின்ற சாமியாரின் தாடியை, வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் உமாதேவி உற்றுப் பார்த்தார். "பழனிசெட்டிபட்டிக் கலர்மீன் கடைக் கர்ணன்ல இது! கரண்டு போயி, தொட்டியில காத்து விடுற மிஷினு நின்னா, மீனு மேல வந்து வாயைத் திறக்கும்னு எங்கிட்டச் சொன்னதே இவுகதான?"

"யக்கா, மெதுவாப் பேசுங்கக்கா! அங்கன போயிப் பேசிக்கிருவோம்…"

செந்தமிழ் முதலில் போயிற்று. அதன் பின்னால் அவரும் போனார்.

வாசகரே, அடுத்த முறை எவரேனும் அதிசயம் காட்டினால், கைகூப்புமுன் அவரை நகர்த்திவிட்டு அவ்விடத்தில் ஓர் எருமையை நிறுத்திப் பாரும். எருமை அகப்படவில்லையா? சிந்திக்காமல் பொட்டலம் வாங்கிய நீரே போய் நில்லும். மீனுக்கு வேறுபாடு தெரியாது.