புகை படாத இயந்திரம்

பொருளைக் காப்பாற்றவே பிறவியெடுத்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. புது நாற்காலியின் பாலிதீனைக் கிழிக்க மாட்டார்கள். கிழிக்க வருகிறவரையும் விட மாட்டார்கள்.

இதில் உயர்ந்த வகை ஆபரேஷன் தியேட்டரில் விளைகிறது. நம்முடைய ஆள் அங்கே டெக்னீஷியன், கருவிகளுக்கெல்லாம் பொறுப்பு. எதைக் கண்டாலும் பச்சைத் துணியைப் போர்த்திவிடுவதால் எல்லோருக்கும் அவர் போர்வை அண்ணன். அந்தப் பெயரைச் சொல்லி அவரே சிரிப்பார். சிரித்துக்கொண்டே போர்த்துவார்.

மின்சாரத்தால் சதையைச் சுட்டு அறுக்கும்போது புகை கிளம்பும். முடி கருகுவது போல ஒரு வாடை. கண் எரியும், தொண்டை கமறும். சாதாரண முகமூடியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தப் புகையை உறிஞ்சுவதற்கென்றே ஓர் இயந்திரம் வந்து எட்டு மாதமாகிறது. போர்வை அண்ணன் அதை என்ன செய்தார் தெரியுமா? தினமும் துடைத்தார், போர்த்தினார், டாக்டர் சுட ஆரம்பிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பாக, புகை பட்டுவிடக் கூடாதே என்று, பத்திரமாகத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்.

டாக்டர் வாயைத் திறக்குமுன் வேண்டிய கருவியை நீட்டுகிற நர்ஸ் ஒருத்தி அங்கே உண்டு. அவளுக்கு மூச்சிழுப்பு.

"அண்ணே, அந்த மெஷினைப் போடுங்கண்ணே. நெஞ்சு அடைக்குது."

"போட்டா ஃபில்டர் கறுத்துடும்மா."

"அது கறுக்கக் கூடாதுன்னு என் நுரையீரல் கறுக்கணுமா?"

"இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் மூச்சா இழுக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவருக்கு இருமல் வந்தது. "ஏசி ஒத்துக்கலை," என்றார்.

மறுநாள் அவள் தன்னை வார்டுக்கு மாற்றக் கேட்டு ஒரு கடிதம் நீட்டினாள்; தியேட்டரில் மூத்தவர் என்று மேலே அனுப்ப அவர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. "இந்த வேலை எனக்குப் பிடிக்கும்ணே. மூச்சும் வேணுமே," என்றாள். ஆபரேஷன் முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, கசங்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அன்று பெரிய ஆபரேஷன். புகை அடங்கவே இல்லை. போர்வை அண்ணனுக்கு இருமல் தொடங்கியது, அடக்கினார், பொங்கியது, திரும்பிக்கொண்டார், உலுக்கியது.

டாக்டர் கையை நிறுத்தினார். "அண்ணே, நீங்க இருமுற இருமல்ல என் கை ஆடுது. கொஞ்சம் வெளியே போய் இருமிட்டு வாங்க."

தாழ்வாரத்தில் ஜன்னலோரமாக, காற்றோட்டமாக, போர்வை போர்த்தி, எட்டு மாதத்தில் ஒருமுறைகூட இருமாத அந்த இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்களைக் காப்பாத்த வந்தவன் நீ. உனக்குக் காவல் நான். போர்த்திப் போர்த்தி என் மூளையையும் போர்த்தி வெச்சுட்டேன் போல."

உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். டாக்டர் நிமிர்ந்தார். "அட, இது எப்போ வந்துச்சு?"

"இப்பத்தான் சார்."

நர்ஸ் புதுக் குழாயை மாட்டிக் காயத்தின் ஓரமாகப் பிடித்தாள். கிளம்பிய புகை மேலே வராமல் அப்படியே குழாய்க்குள் போனது. யாரும் கண்ணைக் கசக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் அவள் கையை நீட்டினாள். "அண்ணே, அந்தக் கடிதத்தைக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"கிழிச்சுப் போட."

அண்ணன் பதறிவிட்டார். "கிழிக்காதேம்மா. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் சமையலறைச் சுவரில் புகையை வெளியே தள்ளுகிற மின்விசிறி ஒன்று இருக்குமே? பிசுக்கு ஏறினால் யார் துடைப்பது என்று அதை அணைத்து வைத்திருப்பது யார்? நான் சொல்ல மாட்டேன். அடுப்பங்கரையில் யார் இருமுகிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.