ஐயாயிரமாவது குடிமகன்

ரோமாபுரி ஏழு குன்றுகளின் மேல் நிற்கிறது. எங்கள் ஆர்மிட்டேஜ் நகரமோ ஒரு குன்றுகூட இல்லாமல் நிற்கிறது. எது பெரிய சாதனை என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நெப்ராஸ்காவில் எங்களை விடத் தட்டையான ஊர் கிடையாது. இங்கே மிக உயரமான இடம் தானியக் கிடங்கின் கூரை. ஊர் நடுவே ஓடும் ஆற்றில் இதுவரை யாரும் மூழ்கியதில்லை. குதித்துப் பார்த்த ஒருவருக்கு முழங்கால் பெயர்ந்தது. 1871இல் ஜோசையா ஆர்மிட்டேஜ் கலிபோர்னியாவுக்குப் போகிற வழியில் வண்டியின் அச்சு முறிந்து இங்கே நின்றார். மரமே இல்லாத இடத்தில் புது அச்சுக்கு எங்கே போவது? ஆகவே நகரத்தை 'நிறுவினார்'. இதையெல்லாம் நகராட்சி எழுத்தரான நான் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் நகர வரலாறாக எழுதி, வீட்டுக்கொரு பிரதி இலவசமாக அனுப்பினேன். பல வீடுகளில் ஆடும் மேசைக்கால்களை இன்றும் அது தாங்கிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் 'முதல்தர நகரம்'. ஐயாயிரம் பேர் இருந்தால்தான் அந்தப் பட்டம். ஒருவர் குறைந்தாலும் இரண்டாந்தரம். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏப்ரல் முதல் தேதி யார் எந்த ஊரில் படுத்திருக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில் எண்ணப்படுவார். எங்கள் ஐயாயிரத்தில் ஆயிரத்து முந்நூறு பேர் மாநிலச் சிறையில் படுத்திருப்பவர்கள். நம்பகமான குடிமக்கள். மற்றவர்களைப் போல வேலை தேடி டென்வருக்கு ஓடமாட்டார்கள்.

கணக்கெடுப்பு ஆண்டின் மார்ச்சில் நானே முன்கூட்டி ஒரு கணக்கெடுத்தேன். சரியாக ஐயாயிரம். மறுநாளே சிறையிலிருந்து கடிதம் வந்தது. டெல்பர்ட் ஹேன்ஸ் என்ற கைதி, பதினோரு ஆண்டு முடிந்து, மார்ச் 26 வெள்ளிக்கிழமை விடுதலையாகிறார்.

நகரமன்றம் அவசரமாகக் கூடியது. மேயர் வெர்னா ஷுல்ட்ஸ் போலீஸ் அதிகாரியைப் பார்த்தார்.

"ஒரு ஆள் குறையுது. யாரையாவது புடிச்சு உள்ள போடுங்களேன்."

"உள்ளூர்க்காரனப் புடிச்சா கணக்கு ஏறாதுங்கம்மா. வெளியூர்க்காரன் எவனும் இங்க வண்டியவே நிறுத்த மாட்டேங்கறான்."

ஆகவே மேயரும் நானும் பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டதை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனோம். டெல்பர்ட் மெலிந்த மனிதர், ஐம்பத்தைந்து வயது, கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார்.

"ஒரே ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க டெல்பர்ட். நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே," என்றார் மேயர்.

"சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம் மேயரம்மா. ஒமாஹாவுல. முடிஞ்ச கையோட அவங்க சியாட்டிலுக்குக் குடி போறாங்க. என்னையும் கார்ல கூட்டிட்டுப் போறேன்னிருக்கா. பதினோரு வருஷத்துல அவ எங்கிட்ட கேட்டது அந்த ஒரு நாள்தான்."

"கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுப்பாங்க, பாத்துக்கலாம். முதல்தரம் போனா வராது. எங்க ஜோசையாவும் வேற எங்கயோ போக வந்தவருதான். ஊருக்காக நின்னாரு."

"படிச்சிருக்கேன். அவரு அச்சு தானா ஒடிஞ்சுது. என்னோடத நீங்க ஒடிக்கப் பாக்கறீங்க."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் நூலைப் படித்த ஒரு மனிதரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவர் அதைச் சிறைக்கு வந்துபோகும் நகர நூலக வண்டியில் இரவல் வாங்கியிருந்தார்.

வழியும் அங்கேதான் பிறந்தது. நூலகப் புத்தகம் பழுதில்லாமல் திரும்பி வந்தது என்று முத்திரை குத்தினால்தான் கைதி வெளியே போகலாம். முத்திரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. டெல்பர்ட் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதைப் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"சார், புஸ்தகம் சுத்தமா இருக்கா?"

"நாப்பதாம் பக்கம் வரைக்கும் ரொம்பச் சுத்தம்."

"மீதிய இன்னிக்கே பாத்துடுங்க சார். நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம்."

"பொறுப்பான வேலை டெல்பர்ட். நாளைக்கும் நாளன்னைக்கும் ஆபீஸ் லீவு வேற."

"எழுதினதே நீங்கதானே சார். உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எழுதறது வேற, சரிபாக்கறது வேற."

செவ்வாயன்று நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு பென்சில் குறியைக் கண்டுபிடித்தேன். வெள்ளம் வந்த ஆண்டை நான் தவறாக எழுதியிருந்தேன், அவர் திருத்தியிருந்தார். திருத்தம் சரிதான். ஆனாலும் நகரச் சொத்தில் கிறுக்கியதற்கு விசாரணை வேண்டாமா? அது புதன்கிழமையை எடுத்துக்கொண்டது. வியாழன், ஏப்ரல் முதல் தேதி, ஐயாயிரம் பேரும் பதிவானோம். மேயர் கேக் வெட்டினார். வெள்ளியன்று காலை, நகரத்தின் நன்றியோடு முத்திரையைக் குத்தினேன்.

பத்து மணிக்கு டெல்பர்ட் ஒரு காகிதப் பையோடு என் அலுவலகத்தில் நின்றார். மகள் சியாட்டிலுக்குப் போய்விட்டாளாம். தொலைபேசியை எடுப்பதில்லையாம்.

"தானியக் கிடங்குல வேலை தர்றேங்கறாங்க சார். இந்த ஊர்ல குடியிருக்கறவன்னு ஒரு சீட்டு மட்டும் குடுத்தாப் போதும்."

நான் படிவத்தை எடுத்தேன். "எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"பதினோரு வருஷம்."

"ஜெயில்ல இருந்தது குடியிருந்ததா ஆகாது. நகராட்சி விதி பதினாலு."

"அப்ப நேத்து யாரை எண்ணினீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"அத உங்க வார்டு மெம்பர் மூலமா எழுதிக் குடுங்க."

"என் வார்டு எது சார்?"

"ஜெயில் இருக்கற அஞ்சாவது வார்டு. இப்பதான் நீங்க அங்க இல்லையே."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய் நகராட்சி வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. என் சன்னலிலிருந்து பார்த்தால் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியவில்லை. முதல்தர நகரத்தில் இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. போலீஸ் வந்து, மரியாதையாகக் கதவைத் திறந்து அவரைக் காரில் ஏற்றி, நகர எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அடையாளம் தெரியாத வெளியாள் ஒருவர் ஊருக்குள் உட்கார்ந்திருப்பதாகப் புகார் எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான்.