மெஷினுக்குப் பின்னாடி யாரு சார்?

செய்யப்போகும் குற்றத்துக்கு முன்கூட்டியே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்ட மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பெங்களூரில், ஏன், இந்தப் பூமியிலேயே அப்படிப்பட்ட ஒரே ஏ.சி. மெக்கானிக் அவர்தான். பெயரைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ‘வாழைப்பழம்’.

பெங்களூரில் எதற்கு ஏ.சி. என்று பழைய ஆட்கள் சிரிப்பார்கள். நியாயம்தான். தொண்ணூற்றொன்றில் நான் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது, குடிபோன வீட்டில் ஃபேன் மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். “ஃபேனா? உடம்பு கிடம்பு சரியில்லையா தம்பி?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். உலகம் உள்ளே வந்தது. வந்த உலகத்துக்கு முதல் வேலையாக வேர்த்தது.

எங்கள் கம்பெனி அடுகோடி ஏரியாவில், இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் தொழில். நான் அங்கே அட்மின், அதாவது ஒழுகும் குழாயிலிருந்து காப்பித்தூள் வரை எது தப்பானாலும் திட்டு வாங்குகிறவன். தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் ஃபேக்ஸ் வந்தது. பெரிய கான்ட்ராக்ட் ஒன்று பேச, அடுத்த வெள்ளிக்கிழமை அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். சர்வர் ரூம் எப்போதும் இருபது டிகிரியில் இருக்கவேண்டும். “இருபத்தொண்ணு இருந்துச்சுன்னா, நீ வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் எம்.டி. அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கே ஏ.சி. ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

வாழைப்பழம் வந்தார். ஐம்பது வயது, ஒல்லி, காக்கிச் சட்டை, தலையைச் சுற்றி மஃப்ளர், பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் தெர்மாமீட்டர். மற்ற மெக்கானிக் எல்லாம் ரூம் எத்தனை அடி என்று கேட்பான். இவர் கேட்டது வேறு.

“மெஷினுக்குப் பின்னாடி யாரு சார் இருக்காங்க?”

“யாருமில்லப்பா. சந்துதான்.”

“சந்துல யாரு இருக்காங்க?”

“எனக்கென்னய்யா தெரியும்!”

“தெரிஞ்சுக்கணும் சார். குளிர்னு ஒண்ண யாராலயும் தயார் பண்ண முடியாது. இங்க இருக்கற சூட்ட வாரி அங்க கொட்றோம், அவ்ளோதான் நம்ம வேலை. கொட்டற எடத்துல மனுஷங்க இருந்தா ஒரு வார்த்த சொல்லணுமா, வேணாமா?”

சொல்வது என்றால் சும்மா போய்ச் சொல்வதில்லை. எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைப்பதைப்போலப் பின்வீட்டுக் கதவைத் தட்டுவார். ஜெயநகரில் ஒரு வயதான தம்பதி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “விசேஷம் என்னிக்கு?” என்று கேட்டார்களாம். “இது ஒரு நாள் விசேஷம் இல்லீங்க, வருஷம் பூரா நடக்கும்” என்றாராம் இவர். இன்னொரு இடத்தில் பின்வீட்டுக்காரர் வக்கீல். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். வாழைப்பழம் சும்மா இருந்திருந்தால் அந்த வக்கீலுக்கு விஷயமே தெரிந்திருக்காது. இப்படியே அவர் கையைவிட்டுப் போன வேலைகள் ஏராளம்.

இதோடு போனால் பரவாயில்லை. பழைய மெஷின்களிலிருந்து இறக்கும் கூலிங் கேஸை எல்லோரும் காற்றில்தான் திறந்துவிடுவார்கள். “மேல ஓசோன்ல ஓட்ட விழுதாம் சார். நாம போட்ட ஓட்டையா இருக்கவேணாம்” என்று அதைச் சிலிண்டரில் பிடித்துக்கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தார். வீட்டுக்காரர் பார்த்து அலறிப்போய், அடுத்த நாளே பொண்டாட்டி பிள்ளைகளோடு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

வாழைப்பழத்துக்குக் கவலைதான் சாப்பாடு. டீ குடிக்கும்போது தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து, “போன வருஷம் இந்நேரத்துக்கு இவ்ளோ இல்ல சார்” என்பார். ஓசூர் ரோட்டில் எழும்பும் கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டி ஒரு நாள் கேட்டார். “ஊரு பூரா மெஷின் மாட்டிட்டா, அப்புறம் சூட்ட எங்க சார் கொண்டுபோயிக் கொட்றது?” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது.

எங்கள் சந்துக்கு நானும் கூட வந்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தார். “ஆபீஸ் சார்பா ஒருத்தர் வேணும் சார், நான் வெறும் ஸ்பேனர் புடிக்கிறவன்” என்றார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன். அந்தச் சந்தில் எங்கள் சுவருக்கு நேராக ஜன்னல் உள்ளது ஒரே வீடுதான். கதவைத் திறந்த பெரியவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க வாங்க! குந்துங்க! ஜெயந்தி, காப்பி போடும்மா! மாப்ளைக்கு எங்க வேலை?”

“முன்னாடி ஆபீஸ்லதாங்க” என்றார் வாழைப்பழம், வெகு சிரத்தையாக.

“அப்ப ஊட்டாண்டதான்! எப்ப வெச்சுக்கலாம்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணுங்க. அமெரிக்காவிலேருந்து ஆளுங்க வர்றாங்க.”

“அமெரிக்காவுல சொந்தமா!” பெரியவர் எழுந்தே விட்டார்.

“மொத்தம் எட்டுங்க. எல்லாம் உங்க ஜன்னல் பக்கமாத்தான்.”

பெரியவர் விழித்தார். நான் வியர்த்து வழிந்தேன். காப்பியோடு வந்த பெண்தான் முதலில் புரிந்துகொண்டாள். “அப்பா, இவங்க பொண்ணு பாக்க வரல. ஏ.சி. மாட்ட வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தாள். “எவ்ளோ சூடு அடிக்கும்ணா?”

நான் வாழைப்பழத்தைக் கைகாட்டினேன். வாழைப்பழம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் ஜன்னலோரம் கிடந்த கட்டிலைக் காட்டினாள். அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்கு நைட் வாட்ச்மேன். பகலில் அந்தக் கட்டிலில்தான் தூங்குவார். மேலே தகரக் கூரை, வீட்டுக்கு ஒரே ஜன்னல். “தொறந்தா சூடு, மூடுனா புழுக்கம். அவரு எங்க படுப்பாரு?” என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

வெளியே வந்ததும் வாழைப்பழம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “இங்க மாட்டமாட்டேன் சார். மொட்ட மாடிக்குப் பைப் இழுத்துர்றேன்.”

“ஐயோ, மொட்டை மாடியில்தான்யா அமெரிக்காக்காரங்களுக்கு மதியச் சாப்பாடு!”

ஆமாம். பெங்களூர் காற்று எப்படிச் சிலுசிலுவென்று இருக்கும் என்று காட்டுவதற்காக எம்.டி. அங்கே பந்தல் போட்டு மேஜை விரிக்கச் சொல்லியிருந்தார். எவ்வளவு கெஞ்சியும் வாழைப்பழம் மசியவில்லை. வேறு ஆள் தேட நாள் இல்லை. எம்.டி. விருந்தாளிகளை அழைத்துவர பம்பாய் போயிருந்தார். எனக்கு அந்தக் கட்டில் வேறு கண்ணிலேயே நின்றது. “என்னமோ பண்ணித்தொலை” என்றேன். எட்டு மெஷினும் மாடிக்குப் போயின.

வெள்ளிக்கிழமை சர்வர் ரூம் பத்தொன்பது டிகிரி. அமெரிக்கர்கள் தலையாட்டினார்கள். உள்ளே நம் பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டைப் அடித்தார்கள். அதுவரை நல்லபடியாகத்தான் போயிற்று. மாடிக்கு ஏறினோம். எட்டு மெஷினும் ஒரே மூச்சில் ஊதின. மேஜை விரிப்பு பறந்தது, ஐஸ்கிரீம் பாயசமானது, மூன்று அமெரிக்கர்களும் தக்காளி நிறத்துக்கு வந்தார்கள். எம்.டி. என்னைப் பார்த்த பார்வையில் என் சீட்டு கிழிந்தது.

அப்போதுதான் படியேறி வந்தார் வாழைப்பழம், கையில் தட்டோடு. நேராகப் போய்ப் பெரிய அமெரிக்கர் முன்னால் குனிந்து நின்றார்.

“ஐயா, உங்க கம்ப்யூட்டருக்காக எடுத்த சூடு இது. உங்ககிட்டயே குடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

என்ன சொல்கிறார் என்று அமெரிக்கர் என்னைக் கேட்டார். நான் எம்.டி.யைப் பார்த்தேன். “உங்கள் வரவு நல்வரவாகுக என்கிறார்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அமெரிக்கருக்கு மகா சந்தோஷம். பழத்தைச் சாப்பிட்டார், வெற்றிலையைப் பாக்கில்லாமல் மென்றார், எல்லோரும் தட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்ட் கிடைத்தது. என் வேலையும் தப்பியது. வாழைப்பழம் மட்டும் இறங்கிப் போகும்போது கேட்டார். “நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா சார்?” சொன்னேன் என்றேன்.

கான்ட்ராக்ட் வந்தால் ஆள் கூடும், ஆள் கூடினால் இடம் வேண்டும். மறு வருஷமே மொட்டை மாடிமேல் இன்னொரு மாடி எழும்பியது. இந்தத் தடவை இருபத்துநாலு மெஷின். “எல்லாத்தையும் சந்துப் பக்கம் மாட்டு. அந்த வாழைப்பழம் வேண்டாம்” என்றார் எம்.டி. வேறு ஆள் வந்தான். எதையும் கேட்காமல் இரண்டே நாளில் மாட்டிவிட்டுப் போனான். கையெழுத்துப் போட்டது நான்தான். தட்டு எடுத்துக்கொண்டு நான் போகவில்லை. சந்து வழியாக நடப்பதையே விட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தபோது அந்த ஜன்னலில் பலகை அடித்திருந்தது. கோழைப்பயல் நான், வேறென்ன சொல்ல?

இரண்டாயிரத்தெட்டு வாக்கில் பொம்மசந்திரா பக்கம் ஃப்ளாட் வாங்கிக் குடியேறினேன். என் வீட்டிலேயே ஏ.சி. வந்துவிட்டது. நாலு வருஷம் கழித்து, ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பெல் அடித்தது. கதவைத் திறந்தால் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, ஏலக்கிப் பழம்.

“சார், பக்கத்து ஃப்ளாட்டுல மெஷின் மாட்றோம். உங்க பெட்ரூம் பக்கம் சூடு வரும். மன்னிச்சுக்குங்க.”

தலை முழுக்க நரைத்திருந்தது. மஃப்ளர் இல்லை. பெங்களூரில் இப்போது யாருக்கு வேண்டும் மஃப்ளர்? என்னை அடையாளம் கண்டதும், “அட, அட்மின் சார்!” என்று சிரித்தார். உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, தட்டிலிருந்த பழம் ஒன்றை உரித்துக்கொண்டே கேட்டேன். “அந்தச் சந்து வீடு...”

“நான் அப்பவே போனேன் சார், தட்டு எடுத்துக்கிட்டு.”

“அதை நீங்க மாட்டலையே!”

“நீங்க போவமாட்டீங்கன்னு தெரியும். உங்க பேரச் சொல்லித்தான் குடுத்தேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “பகல்ல தூக்கமே இல்லாம, டூட்டில கண்ணசந்துட்டாரு போல. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. பொண்ணுதான் கார்மென்ட்ஸுக்குப் போயி வீட்டப் பாத்துக்கிச்சு. அன்னிக்குப் பழத்த வாங்கிக்கிச்சு சார். அந்த அண்ணன் ஏன் வரலன்னு கேட்டுச்சு. வேலை ஜாஸ்தின்னு சொல்லிட்டேன்.”

பழக்கதோஷம், அவர் கண் என் சுவரிலிருந்த ஏ.சி.மேல் போயிற்று.

“இதுக்குப் பின்னாடி யாரு சார்?”

நாலு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. பால்கனிக்குப் போய்க் குனிந்து பார்த்தோம். நேர் கீழே தகர ஷெட், அதற்குள் ஒரு கட்டில், அதில் பட்டப்பகலில் எங்கள் ஃப்ளாட் நைட் வாட்ச்மேன் பனியனோடு புரண்டுகொண்டிருந்தார்.

வாழைப்பழம் உள்ளே போனார். எனக்குக் கொண்டுவந்த தட்டையே எடுத்து என் கையில் கொடுத்தார். லிஃப்டில் இறங்கும்போது பழம் ஒன்று கம்மியாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். ஷெட் வாசலில் நின்றோம். வாட்ச்மேன் பதறி எழுந்து சட்டையைத் தேடினார். “என்னா சார், விசேஷமா?” என்றார். நான் தட்டை மட்டும் நீட்டினேன்.

வாழைப்பழம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லுங்க சார். நான் பக்கத்துலதான இருக்கேன்” என்றார்.