பதினாறு இலக்க ரகசியம்

"பாய், எம் பின்னால உக்காந்திருக்கிறவர அந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க," என்றார் சின்னதுரை, கம்ப்யூட்டர் திரையை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு.

"அவரு ரயில் டிக்கெட் பாக்குறாரு சார். உங்கள எங்க பாக்குறாரு?" என்றான் ஜாவித். பெரம்பலூரில் ஒரு டீக்கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் நடத்துபவன் அவன்.

"பாக்காத மாதிரிதான் பாப்பாங்க."

சின்னதுரை அரசு அலுவலகத்தில் உதவியாளர். மகள் சத்யா எட்டாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சியில் தொலைநோக்கி வைக்கப்போவதாக டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பெரம்பலூரில் எங்கும் இல்லை. அரியலூரில் ஒரு கடைக்காரர் பைனாகுலரை எடுத்து நீட்டி, "ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். கடைசியில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று இன்டர்நெட்டில் விற்பதை ஜாவித்தான் தேடிப் பிடித்தான்.

நெட்டில் பொருள் வாங்குவதில் அந்தத் தெருவிலேயே அவர்தான் முதல் ஆள். அந்தப் பெருமையில் இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கூடவே ஆபீஸ் அன்பழகன் ஒரு பயத்தையும் ஏற்றிவிட்டிருந்தார். "கார்டு நம்பர் அடுத்தவன் கண்ணுல பட்டுச்சுன்னா அவ்வளவுதான் சார். மொத்தத்தையும் உருவிருவான்."

மூலைக் கம்ப்யூட்டருக்கு மாறினார். அங்கே ஜன்னல் இருந்தது. ஜன்னலைச் சாத்தினார். அப்போதும் மனசு ஒப்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு சேர்த்துத் திரையையும் மூடிக்கொண்டார்.

உள்ளே வேர்த்துக் கொட்டியது. கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றி வைத்தார். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது.

"சார், பேரு, அட்ரஸ் அடிங்க. அப்புறமா கார்டு நம்பர் கேக்கும். நான் வேணா பாத்துச் சொல்லவா?"

"கிட்ட வராதீங்க பாய்."

நம்பர் என்கிற மாதிரி ஒரு சொல்லும் பக்கத்தில் ஒரு கட்டமும் மங்கலாகத் தென்பட்டன. கார்டை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தபடி அடிக்க ஆரம்பித்தார். நான்கு இலக்கம் போனதும்தான், தான் படிப்பது வெளியே கேட்கும் என்று உறைத்தது.

"பாய், பாட்ட கொஞ்சம் சத்தமா வைங்க."

ஜாவித் வைத்தான். சத்தம் கேட்டுக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஏறி வந்தார்கள்.

"என்ன பாய், ஆவி புடிக்கிறாரா?"

"இல்லங்க. சாமான் வாங்குறாரு."

எட்டுப் பேர் சூழ்ந்து நிற்க, கண்ணுக்குத் தென்பட்ட முதல் பட்டனை அழுத்திவிட்டுத் துண்டுக்குள்ளிருந்து சின்னதுரை வெளியே வந்தார். திரையில் நன்றி என்று வந்திருந்தது. யாரோ கை குலுக்கினார்கள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் கம்ப்யூட்டர் நம்பரை ஞாபகம் வைத்திருந்தால்? குனிந்து சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினார். ஆறு கம்ப்யூட்டர்களும் அணைந்தன. ரயில் டிக்கெட்காரர் முக்கால் மணி நேரமாகப் பிடித்து வைத்திருந்த சீட்டும் போயிற்று. அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

மறுநாள் ஏடிஎம்மில் பார்த்தார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஜானகி, எவ்வளவு பாதுகாப்பு பாத்தியா? வித்தவனாலயே பணத்த எடுக்க முடியல."

"அப்ப சாமான் எப்படிங்க வரும்?" என்றாள் மனைவி.

அதை அவர் யோசிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கார்டின் ரகசிய எண்ணை மாற்றினார். மாற்றியதை எங்கும் எழுதி வைக்கவில்லை, பாதுகாப்புக்காக. இரண்டு நாள் கழித்து அதுவே மறந்துபோனது. மூன்று தடவை தப்பாக அழுத்தியதில் இயந்திரம் கார்டையே விழுங்கிக்கொண்டது.

"அப்பா, நாளைக்குக் கண்காட்சி," என்றாள் சத்யா, வியாழக்கிழமை காலையில்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தபால்காரர் அரியமுத்து நீளமான பெட்டி ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சத்யா பாய்ந்து போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் கூடிவிட்டது.

"ரெண்டாயிரத்து நானூறு குடுங்க சார்," என்றார் அரியமுத்து.

"நான்தான் கார்டுல கட்டிட்டனே."

"ஒண்ணும் கட்டலியே சார். பார்சல வாங்கிக்கிட்டுப் பணம் குடுக்கிறதுன்னுல்ல போட்டிருக்கு."

ஜானகி உள்ளே போய், புடவைக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தாள். சின்னதுரைக்கு அதில்கூட வருத்தமில்லை. மகள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"பணம் எப்படிப் போனா என்ன? எங்கார்டு நம்பர் ஒரு ஈ, எறும்புக்குத் தெரியாம முடிஞ்சுதுல்ல, அது போதும்," என்றார்.

அரியமுத்து பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முகவரியை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி சார், உங்க வூட்டுக் கதவு நம்பர் ஏன் பதினாறு இலக்கம்? ரெண்டு நாளா போஸ்ட் ஆபீஸ்ல ஆளாளுக்குச் சத்தமா வாசிச்சுப் பாத்து, இப்ப எங்க எல்லாருக்கும் மனப்பாடமாயிருச்சு."